விதைக்குள் வைத்த காவல்

கூட்டுறவு இலாகாவில் நான் சேர்ந்த முதல் ஆண்டில், பயிர்க்கடன் பெற்ற அங்கத்தினர்களின் நிலங்களைப் பார்வையிட்டு வருமாறு என்னை ஒரு பருத்திக் கிராமத்திற்கு அனுப்பினார்கள். கடன் மனுவில் எழுதிய ஏக்கரும் நிலத்தில் நிற்கும் பயிரும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்திடுவதே என் வேலை. வெயில் ஏறிவிட்டபடியால் ஓர் அங்கத்தினரின் மோட்டார்க் கொட்டகையில் சற்று நேரம் உட்கார்ந்தேன். மூலையில் உர மூட்டைகளுக்குப் பின்னால் பிரிக்கப்படாத சிறு பொட்டலங்கள் ஏழெட்டுக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் 120 கிராம் பருத்தி விதை. இவற்றை ஏன் விதைக்கவில்லை என்று கேட்டேன்.

"அது சாதா விதை, ஐயா. பெரிய பாக்கெட்டோடு சும்மா கொடுப்பது. அதில் புழு விழும். பணம் கொடுத்துப் புழு விழாத விதையை வாங்கிவிட்டு, பக்கத்திலேயே புழுவுக்கு விருந்து வைப்பானேன்?" என்றார் அந்தப் பெரியவர்.

அவர் கூறியது எனக்கு நியாயமாகவே பட்டது. தலையசைத்துவிட்டு, படிவத்தில் "பயிர் நன்று" என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். உண்மையில் அன்று பயிர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சிறு பொட்டலம் எதற்காக வைக்கப்பட்டது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பட்டம் பெற்று உத்தியோகத்திற்கு வந்தவனுக்கும் தெரியவில்லை. விதை விற்ற கடைக்காரருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் எடுத்துச் சொல்லவும் இல்லை. அந்தப் பொட்டலத்தின் கதையைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். மரபணுப் பொறியியல் என்னும் புதிய விஞ்ஞானத்தால் குடியானவருக்கும் நெசவாளருக்கும் விளையக்கூடிய நன்மை யாது, அபாயம் யாது என்பதற்கு இதைவிட அருகிலுள்ள உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் அந்த விஞ்ஞானம் இன்னதென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெசவாளர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஜக்கார்டு தறியில் கரை போடும்போது மேலே துளையிட்ட அட்டைகள் வரிசையாகக் கோத்துத் தொங்குகின்றன. எந்த இழை எழும்ப வேண்டும், எது அமர வேண்டும் என்று அந்தத் துளைகளே கட்டளையிடுகின்றன. ஒவ்வோர் உயிரின் அணுவிலும் அத்தகைய அட்டைக் கோவை ஒன்று உண்டு. அதில் ஓர் அட்டைக்கு ஒப்பானது மரபணு. நம் முன்னோர் ஒரு செடியோடு மற்றொரு செடியைக் கலந்து புது இரகம் உண்டாக்கியபோது, இரண்டு கோவைகளையும் மொத்தமாகக் குலைத்துப் போட்டு, நல்ல கரை விழுகிறதா என்று தேடினார்கள். மரபணுப் பொறியியலோ, வேறொரு தறியின் கோவையிலிருந்து வேண்டிய ஓர் அட்டையை மட்டும் எடுத்து நம் தறியின் கோவையில் கோத்துவிடுகிறது. அந்த வேறு தறி ஒரு கிருமியாக இருக்கலாம், மீனாக இருக்கலாம், மனிதனாகவும் இருக்கலாம்.

1973-இல் அமெரிக்காவில் போயர், கோஹன் என்னும் இருவர் ஒரு கிருமியினுள் வேற்று மரபணுவைப் புகுத்திப் பெருகச் செய்தனர். அது எங்கே கொண்டுபோய் விடுமோ என்று விஞ்ஞானிகளே அஞ்சி, 1975-இல் கலிபோர்னியாவில் அசிலோமார் என்னுமிடத்தில் கூடித் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டனர். 1982-இல், கிருமியைக் கொண்டு தயாரித்த மனித இன்சுலின் நீரிழிவு நோயாளிகளுக்கு விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்தும் எடுத்த இன்சுலினே கதியாக இருந்தது. இன்று நம் வீடுகளில் ஊசி போட்டுக்கொள்ளும் பெரியவர்கள் பெரும்பாலும் இந்த விஞ்ஞானத்தின் பயனையே அனுபவிக்கிறார்கள். ஆதலின் மரபணு என்ற சொல்லைக் கேட்டவுடனே அஞ்சுவது அறிவுடைமையாகாது.

நிற்க. பருத்திக்கு வருவோம். 1901-இல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் திடீரெனச் சாவதைக் கண்டு ஆராய்ந்த இஷிவாட்டா என்பவர், ஒருவகைக் கிருமியே அதற்குக் காரணம் என்று கண்டார். 1911-இல் ஜெர்மனியில் துரிங்கியா என்னும் பகுதியிலிருந்து வந்த மாவுப் பூச்சியில் அதே கிருமியைக் கண்ட பெர்லினர் என்பவர், அந்த ஊரின் பெயரையே அதற்குச் சூட்டினார். பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்பது அதன் முழுப்பெயர். பி.டி. என்று நாம் வழங்குவது அதன் சுருக்கமே. பட்டு விளைவிப்போருக்கு எமனாக வந்த கிருமி, பஞ்சு விளைவிப்போருக்குக் காவலனாக வந்து சேர்ந்தது ஒரு விந்தை. (தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மல்பெரி அங்கத்தினர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இக்கிருமியிலிருந்து தயாரித்த தெளிப்பு மருந்தை மல்பெரித் தோட்டத்தின் அருகே தெளிக்க விடாதீர்கள்.)

இக்கிருமி ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. புழுவின் வயிற்றுக்குள் இருக்கும் காரத்தில் அப்புரதம் கரைந்து, குடலின் சுவரில் பற்றிக்கொண்டு, துளையிடுகிறது. புழு தின்பதை நிறுத்திச் செத்துப்போகிறது. மனிதன் வயிற்றில் இருப்பது அமிலம். அப்புரதம் பற்றிக்கொள்வதற்கு ஏற்ற இடமும் நம் குடலில் இல்லை. பருத்திப்பால் குடிக்கலாமா, மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைக்கலாமா என்று பல கூட்டங்களில் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அனுமதிக்கு முன்னும் பின்னும் நடந்த உணவு, தீவனச் சோதனைகளில் இப்புரதத்தால் தீங்கு காணப்படவில்லை என்பதே அவர்களுக்கு நான் கூறும் விடை. பருத்தியின் உண்மையான அபாயம் வேறிடத்தில் இருந்தது.

புரதத்தை உண்டாக்கும் அந்த மரபணுவைப் பருத்திச் செடியிலேயே அமைத்துவிட்டால், மருந்தை வெளியே தெளிக்க வேண்டியதில்லை. காவற்காரன் காய்க்குள்ளேயே குடியிருப்பான். அமெரிக்காவில் 1996-இல் இவ்வகைப் பருத்தி விதைக்கப்பட்டது. நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டு குஜராத்தில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. அவ்வாண்டு காய்ப்புழு பெருகிச் சுற்றுவட்டாரப் பருத்தியெல்லாம் பாழாயிருக்க, பல ஆயிரம் ஏக்கரில் மட்டும் பயிர் பச்சென்று நின்றது. சோதித்துப் பார்த்தபோது, அனுமதியின்றி விற்கப்பட்ட பி.டி. விதை அது என்று தெரியவந்தது. அடுத்த ஆண்டு, 2002 மார்ச் மாதம், மத்திய அரசாங்கத்தின் குழு மூன்று பி.டி. வீரிய ஒட்டு விதைகளுக்கு முறைப்படி அனுமதி வழங்கியது.

அதன் பயன் கண்கூடானது. அதை மறுப்பது நேர்மையன்று. அதற்கு முன் நாட்டில் செலவான பூச்சிமருந்தில் ஏறத்தாழப் பாதி பருத்திக்கே போயிற்று. அமெரிக்கன் காய்ப்புழுவை ஒழிக்க ஒரு பருவத்தில் பத்து முறை, பதினைந்து முறை மருந்தடித்தவர்கள் இன்றும் நம் சங்கங்களில் இருக்கிறார்கள். கடன் வாங்கி மருந்தடித்தும் காய் தங்காமல், அந்தக் கடனைத் தீர்க்க மறுகடன் வாங்கியவர்களின் பேரேடுகளை நான் பார்த்திருக்கிறேன். புதிய விதை வந்தபின் அந்தப் புழு அடங்கியது. 2002-03-இல் 136 இலட்சம் பொதியாக இருந்த நாட்டின் பஞ்சு விளைச்சல் 2013-14-இல் 398 இலட்சம் பொதியாயிற்று. பொதி ஒன்றுக்கு 170 கிலோ. ஹெக்டேருக்குச் சுமார் 300 கிலோவாக இருந்த மகசூல் 2007-08-இல் 550 கிலோவைத் தொட்டது. இவ்வளவும் அந்த ஒரு மரபணுவின் செயல் என்று கூறிவிட முடியாது. பாசனம் பெருகியது, உரம் கூடியது, சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்குப் புது மருந்துகள் வந்தன, பருத்திப் பரப்பும் விரிந்தது. ஆயினும் காய்க்குள் இருந்த காவற்காரனுக்கு இதில் பெரும்பங்கு உண்டு.

விலை ஒரு தொல்லையாகத்தான் இருந்தது. தொடக்கத்தில் 450 கிராம் பொட்டலம் 1,600 ரூபாய்க்கு விற்றது. அதில் பெரும்பகுதி மரபணுவின் சொந்தக்காரருக்குச் சேர வேண்டிய உரிமைத் தொகை. 2006-இல் ஆந்திர அரசாங்கம் வழக்காடி அதை 750 ரூபாய்க்கு இறக்கியது. 2016 முதல் மத்திய அரசாங்கமே நாடு முழுவதற்கும் விலை நிர்ணயிக்கத் தொடங்கியது. உரிமைத் தொகை படிப்படியாகக் குறைந்து 2020-இல் நீக்கப்பட்டது. எனவே விலையைச் சட்டத்தால் அடக்க முடிந்தது. ஆனால் வீரிய ஒட்டு விதையாக மட்டுமே விற்றதால், விளைந்த பருத்தியிலிருந்து விதை எடுத்து மறுபடி விதைக்க வழியில்லாமற் போயிற்று. ஆண்டுதோறும் கடைக்குப் போக வேண்டும். சேமித்து விதைக்கக்கூடிய பி.டி. இரகம் ஒன்றை அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தார் 2009-இல் வெளியிட்டனர். தனியார் நிறுவனத்தின் மரபணு அதில் இருப்பது தெரியவந்து அதன் விநியோகம் நின்றுபோனது. பின்னாளில் அத்தகைய வேறு இரகங்கள் வந்தன. எனினும் நம் பகுதிக் கடைகளில் அவற்றை நான் கண்டதில்லை.

இப்போது சிறு பொட்டலத்திற்கு வருகிறேன்.

பருத்தியில் காய்ப்புழு ஒன்றன்று. அமெரிக்கன் காய்ப்புழு துவரை, கொண்டைக்கடலை, தக்காளி என்று பல பயிர்களிலும் மேய்வது. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவோ ஏறக்குறையப் பருத்தியை மட்டுமே நம்பி வாழ்வது. அது நம் நாட்டுக்குப் புதியதும் அன்று. இந்தியப் பருத்தியில் எடுத்த மாதிரிகளைக் கொண்டே 1843-இல் அதற்கு விஞ்ஞானப் பெயரிட்டார்கள். முட்டையிலிருந்து வெளிவந்ததும் காய்க்குள் புகுந்துகொண்டு, உள்ளே இருந்து கொட்டையைத் தின்னும். வெளியே பார்த்தால் காய் முழுதாகத் தெரியும். வெடித்தபின்தான் கறையும் பாழும் தெரியவரும்.

எந்தப் பூச்சிக் கூட்டத்திலும் மருந்துக்குச் சாகாத சில பிறவியிலேயே இருக்கும். ஊர் முழுவதும் பி.டி. பருத்தியாக இருந்தால் மற்றவை எல்லாம் செத்து, அந்தச் சில மட்டும் மிஞ்சும். மிஞ்சியவை தமக்குள்ளேயே சம்பந்தம் செய்துகொண்டால், பிறக்கும் குஞ்செல்லாம் சாகாத குலமாகிவிடும். இதைத் தடுக்க விஞ்ஞானிகள் கண்ட உபாயம் எளியது. நிலத்தின் ஓரத்தில் சாதாப் பருத்தி சில வரிசை இருக்கட்டும். அங்கே சாதாரணப் புழுக்கள் தாராளமாக வளர்ந்து அந்துப்பூச்சியாகட்டும். மிஞ்சிய சில பூச்சிகள் பெரும்பாலும் இவற்றோடுதான் கூடும். அவ்வாறு பிறக்கும் குஞ்சு பி.டி. செடியைத் தின்றால் சாகும். புகலிடப் பயிர் என்று இதற்குப் பெயர். நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அல்லது சுற்றிலும் ஐந்து வரிசை, இவற்றுள் எது அதிகமோ அவ்வளவு சாதாப் பருத்தி விதைக்க வேண்டும் என்பது அனுமதியின் நிபந்தனை. அதற்காகவே 450 கிராம் விதையுடன் அந்த 120 கிராம் பொட்டலத்தை இலவசமாகச் சேர்த்து வைத்தார்கள்.

பெரியவர் கூறியது சரிதான். அது புழுவுக்கு வைக்கும் விருந்தே. ஆனால் அந்த விருந்து வைத்தவனுக்கு மட்டும் நஷ்டம், பயனோ வட்டாரம் முழுவதற்கும். இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவன் நாற்பது சென்ட் நிலத்தைப் புழுவுக்கு விட்டால், அவன் வீட்டில் அவ்வளவு வருமானம் குறையும். பக்கத்து நிலத்துக்காரன் விடாவிட்டால் இவன் விட்டும் பயனில்லை. பக்கத்து நிலத்துக்காரர் அனைவரும் விட்டுவிட்டால், இவன் ஒருவன் விடாததால் கேடும் இல்லை. ஆகவே எவ்வழிக் கணக்குப் போட்டாலும் தனி மனிதனுக்கு அந்தப் பொட்டலத்தை எறிவதே இலாபம். லட்சக்கணக்கானோர் அப்படியே எறிந்தார்கள். பொட்டலங்கள் சிலவற்றில் முளைப்புத் திறனே சரியில்லை என்ற புகாரும் இருந்தது.

பூச்சிக்கு அந்தப் புரதம் விஷமாக இருக்கிறதே, அந்தக் குணம் ஒரு பொதுச் சொத்து. எவருடைய பெயரிலும் பட்டா இல்லாத, எந்தப் பேரேட்டிலும் பதிவாகாத சேமிப்பு நிதி. கம்பெனி மரபணுவுக்கு உரிமை கொண்டாடியது. குடியானவர் விளைச்சலுக்கு உரிமை கொண்டாடினார். அரசாங்கம் அனுமதி அளித்ததோடு நின்றது. நிதியைக் காக்கும் பொருளாளர் மட்டும் இல்லை. அக்கால வரம்பற்ற பொறுப்புள்ள கடன் சங்கங்களில், ஓர் அங்கத்தினர் கடனைக் கட்டாவிட்டால் மற்றவர் தலையில் விழும் என்பதால் ஒருவர் நிலத்தை மற்றவர் கவனித்தார்கள் என்று பயிற்சிக் காலத்தில் எங்களுக்குப் பாடம் சொன்னார்கள். பருத்தி நிலத்தில் பொறுப்பு உண்மையில் வரம்பற்றதாகவே இருந்தது. கவனிக்கும் சங்கம்தான் இல்லை.

விளைவு வெகுவிரைவில் வந்தது. குஜராத்தின் சில மாவட்டங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் மரபணுவை வென்றுவிட்டது என்று விதைக் கம்பெனியே 2010-இல் ஒப்புக்கொண்டது. இரண்டு மரபணுக்கள் கொண்ட அடுத்த விதை 2006-இலேயே வந்திருந்தது. நாடெங்கும் அதற்கு மாறினார்கள். பத்தாண்டுகளுக்குள் அதையும் அப்புழு வென்றது. 2017-இல் மகாராஷ்டிரத்தில் காய்களைப் பிளந்து பார்த்தவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு அம்மாநிலத்தின் யவத்மால் மாவட்டத்தில், ஆள் உயரம் வளர்ந்த பருத்திக்குள் நின்று மருந்தடித்த குடியானவரும் கூலியாட்களுமாக இருபதுக்கு மேற்பட்டோர் மருந்தின் நஞ்சேறி உயிரிழந்தனர். எந்த மருந்துத் தெளிப்பிலிருந்து விடுதலை தருவதற்காக அந்த விதை வந்ததோ, அந்தத் தெளிப்பான் மறுபடியும் முதுகில் ஏறியிருந்தது. அதற்கு முன் 2015-இல் பஞ்சாபில் வெள்ளை ஈ பெருகிப் பருத்தி அழிந்தது. வெள்ளை ஈயைப் பி.டி. ஒன்றும் செய்யாது என்பதை அறியாமல் ஏமாந்தவர் பலர். நாட்டின் சராசரி மகசூல் அண்மை ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 450 கிலோவை ஒட்டி நிற்கிறது.

விஞ்ஞானமே பொய்த்துவிட்டது என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. ஏனெனில் அதே மரபணு, அதே புழு, வேறொரு நாட்டில் வேறுவிதமாக முடிந்தது.

இளஞ்சிவப்புக் காய்ப்புழு 1917-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் புகுந்தது. அரிசோனா மாநிலத்துப் பருத்தி விவசாயிகள் பி.டி. விதைத்த நாள் முதல் சாதாப் பருத்தி வரிசையைப் பெரும்பாலும் தவறாமல் விட்டார்கள். விவசாயிகளே நடத்தும் பருத்திப் பாதுகாப்புக் குழு ஒன்று அங்கு உண்டு. நிலம் நிலமாகச் சென்று கணக்கெடுத்தது அதுவே. பின்னர், பூச்சியை அடக்கினால் போதாது, அடியோடு ஒழிக்க வேண்டும் என்று தீர்மானித்து, அதற்கான செலவில் ஒரு பங்கைத் தங்கள் மீதே வரியாக விதித்துக்கொண்டார்கள். அறுவடை முடிந்ததும் குறித்த நாளுக்குள் செடியை உழுது அழிப்பது சட்டமாக இருந்தது. கதிரியக்கத்தால் மலடாக்கிய அந்துப்பூச்சிகளை ஆலையில் வளர்த்து, 2006 முதல் விமானத்திலிருந்து தூவினார்கள். சில ஆண்டுகளில் ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட பூச்சிகள். எஞ்சிய புழுவுக்கு இணை கிடைத்தாலும் குஞ்சு பொரிக்கவில்லை. 2018-இல் அந்நாட்டுப் பருத்தி நிலங்களில் இப்புழு ஒழிந்ததாக அரசாங்கம் அறிவித்தது.

ஒப்பிடும்போது நேர்மையாக இருக்க வேண்டும். அங்கே ஒரு விவசாயியின் நிலம் நம் ஊர் முழுவதற்குச் சமம். சில நூறு பேர் ஒரு மண்டபத்தில் கூடி முடிவெடுத்துவிடலாம். நம் நாட்டிலோ பருத்தி விளைவிப்போர் பல இலட்சம். அங்கே விதைத்தது வீரிய ஒட்டு அல்ல, சாதாரண இரகம். நம்முடைய ஒட்டுப் பருத்தியோ ஆறு மாதம், எட்டு மாதம் நிலத்தில் நிற்பது. புழுவுக்கு அவ்வளவு நீண்ட சத்திரம். மேலும், விமானத்தில் பூச்சி தூவும் செல்வம் நமக்கில்லை. இவ்வளவையும் கழித்த பின்னும் ஒன்று மிஞ்சுகிறது. அங்கே பொதுச் சொத்துக்குப் பொறுப்பாளி ஒருவர் இருந்தார்.

நம்மிடத்திலும் அத்தகைய பழக்கம் இல்லாமலில்லை. 1919-இலேயே சென்னை மாகாணத்தில் பயிர்ப் பூச்சி, நோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. கம்போடியாப் பருத்தி பயிரான கோயமுத்தூர்ப் பகுதியில், ஆண்டுதோறும் குறித்த நாளுக்குள் செடிகளைப் பிடுங்கிவிட வேண்டும் என்று அதன்கீழ் உத்தரவிட்டார்கள். பிடுங்காதவரிடம் அதிகாரி வருவார். மரபணு என்ற சொல்லே ஊரில் கேட்டிராத காலத்தில், ஊர் முழுவதும் ஒரே நாளில் செடியைப் பிடுங்கினால் புழு பட்டினி கிடந்து சாகும் என்பது தெரிந்திருந்தது. காவற்காரன் காய்க்குள் வந்தபின் அந்த வழக்கத்தை நாம் மறந்தோம்.

நெசவாள அங்கத்தினர்கள், இது குடியானவர் பாடு, நமக்கென்ன என்று எண்ணிவிடக் கூடாது. தமிழ்நாட்டு நூற்பாலைகள் தங்கள் பஞ்சில் பெரும்பகுதியைக் குஜராத், மகாராஷ்டிரம், தெலுங்கானா ஆகிய மாநிலங்களிலிருந்தே வாங்குகின்றன. யவத்மாலில் காய்க்குள் புகுந்த புழு, ஈரோட்டுச் சந்தையில் நூல் விலையாக வந்து இறங்கும். 2022 மே மாதத்தில் 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சு இலட்சம் ரூபாயைத் தாண்டியபோது எத்தனை தறிகள் நின்றன என்பது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பல காரணங்கள் உண்டு. குறைந்த விளைச்சல் அவற்றுள் ஒன்று. மேலும் ஒரு விஷயம். பி.டி. மரபணு காயைக் காப்பதேயன்றி இழையை மெலிதாக்குவதோ நீளமாக்குவதோ இல்லை. 100-ஆம் எண், 120-ஆம் எண் நூலுக்கு உகந்த சுவின் பருத்தி 1974-இல் கோயமுத்தூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. பழைய ஒட்டு முறையில், பொறுமையாகக் கலந்து கலந்து கண்டெடுத்தது. அத்தகைய நீண்ட இழைப் பருத்தி இன்று குறைந்துபோய், எகிப்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் இறக்குமதியாகிறது. காசு கொழிக்கும் நடுத்தர இழைக்கே புதிய விஞ்ஞானத்தின் கவனம் சென்றது. மெல்லிய சேலை நெய்பவரின் தேவை அதன் கண்ணில் படவில்லை.

இனி வருவது என்ன? 2010-இல் பி.டி. கத்திரிக்காயை மத்திய அரசாங்கம் நிறுத்தி வைத்தது. வங்காளதேசத்தில் 2014 முதல் அது பயிராகிறது. மரபணு மாற்றிய கடுகு 2022-இல் அனுமதி பெற்று, 2024-இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பளித்த நிலையை அடைந்தது. இவற்றைவிட நம் வாசலுக்கு அருகில் வந்திருப்பது நெல். 2025 மே மாதத்தில் மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் இரகங்களை மத்திய அரசாங்கம் அறிவித்தது. ஒன்று சம்பா மசூரியிலிருந்து வந்தது; விரைவில் விளைந்து அதிக மணி தரும் என்கிறார்கள். மற்றொன்று வறட்சியையும் உவரையும் தாங்கும் என்கிறார்கள். அந்தக் கணக்குகளைப் பற்றி மறுப்புகளும் எழுந்துள்ளன. இதில் வேற்று உயிரின் அட்டை எதுவும் கோக்கப்படவில்லை. இருக்கும் அட்டையிலேயே ஒரு துளையை அடைத்தோ மாற்றியோ இருக்கிறார்கள். 2012-இல் இம்முறையைக் கண்ட இரு பெண் விஞ்ஞானிகளுக்கு 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது. வேற்று மரபணு இல்லாத இவ்வகைப் பயிர்களுக்குப் பழைய கடுமையான விதிகளிலிருந்து 2022-இல் நம் அரசாங்கம் விலக்களித்தது.

நெல் என்பதால் விதையைச் சேமித்து மறுபடி விதைக்கலாம். இது பெரும் ஆறுதல். 2001-ஆம் ஆண்டுப் பயிர் இரகப் பாதுகாப்புச் சட்டமும் குடியானவர் விதையைச் சேமிக்கவும் பரிமாறிக்கொள்ளவும் உரிமை தருகிறது. ஆயினும் துளையிடும் அந்தக் கருவிக்கு வெளிநாட்டு நிறுவனங்களிடம் காப்புரிமை இருக்கிறது. கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் வட்டி விகிதத்தைப் படிக்கும் நாம், இந்த உரிமைத் தொகையை யார் செலுத்துவார், எவ்வளவு காலத்திற்கு என்பதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். புதிய விதையுடன் ஒரு நிபந்தனை வருமாயின், அதை ஊரில் நிறைவேற்றும் பொறுப்பு யாருடையது என்பதையும் விதை வருமுன் கேட்க வேண்டும். பருத்தியில் அந்தக் கேள்வியை எவரும் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு, நான் முதலில் குறிப்பிட்ட அதே கிராமத்துச் சங்கத்தின் மகாசபைக்குப் போயிருந்தேன். வழக்கமான அலுவல்கள் முடிந்தபின், பருத்தி விளைவிக்கும் அங்கத்தினர் சிலர் ஒரு யோசனை கொண்டுவந்தார்கள். கடைசிப் பறிப்பு முடிந்ததும், பங்குனி பிறக்குமுன், ஊர் முழுவதும் பருத்தி மாரைப் பிடுங்கிவிட வேண்டும். மிஞ்சிய காய்களை ஆடு மேய விட வேண்டும். மாரைப் பொடியாக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து, வாடகையை ஏக்கர் கணக்கில் பகிர்ந்துகொள்ள வேண்டும். இது சங்கத்தின் துணைவிதிகளில் அடங்குமா என்று என்னைக் கேட்டார்கள். அங்கத்தினரின் பொருளாதார நலனைப் பேணுவது என்ற நோக்கத்தின் கீழ் அடங்கும் என்றேன். ஆனால் கட்டாயப்படுத்த அதிகாரமில்லை என்பதையும் சொன்னேன்.

ஒருவர், தம் வீட்டில் மார்தான் ஆண்டு முழுவதற்கும் விறகு என்றார். அடுக்கி வைத்த மாரிலும் வெடிக்காத காய்க்குள் புழு உறங்கும் என்று மற்றொருவர் பதில் சொன்னார். அப்படியானால் எனக்கு விறகு யார் தருவது என்று அவர் கேட்டார். அது நியாயமான கேள்வியே. இறுதியில் காயை மட்டும் உதிர்த்து எரித்துவிட்டு மாரை வைத்துக்கொள்ளலாம் என்று திருத்தம் செய்து தீர்மானம் நிறைவேறியது. இருவர் கையெழுத்திட மறுத்தார்கள். அதையும் நிகழ்ச்சிப் புத்தகத்தில் எழுதினோம்.

மோட்டார்க் கொட்டகைப் பெரியவரும் கூட்டத்தில் இருந்தார். வெளியே வரும்போது, "இப்போதெல்லாம் அந்தச் சின்னப் பொட்டலம் வருவதில்லையே, ஐயா?" என்றார். சில ஆண்டுகளாகச் சாதா விதையைப் பெரிய பொட்டலத்திற்குள்ளேயே கலந்து விற்கிறார்கள் என்றேன்.

"எது எந்த விதை என்று எனக்கே தெரியாதபடி செய்துவிட்டார்களா?" என்று கேட்டுச் சிரித்தார். பிறகு, தீர்மானத்தில் தம் பெயருக்கு நேராக இட்ட கையெழுத்து சரியாக விழுந்திருக்கிறதா பார்க்க வேண்டும் என்று மறுபடியும் உள்ளே போனார்.